கையுறையைத் திருப்பிக் கொடுத்த அஞ்சலை

14.8.1988, ஞாயிறு

பூந்தமல்லிக் கூட்டத்தில், மலம் அள்ளும் பெண்களுக்கு எங்கள் சங்கம் கையுறை கொடுத்தது. பின்னால் தொங்கிய பேனரில் ‘மலம் அள்ளும் முறையை ஒழிப்போம்’ என்று எழுதியவன் நான்தான். அஞ்சலையம்மா தன் கையுறையோடு நேராக மேடைக்கே வந்துவிட்டார்.

“இத்த மாட்டிக்கினு இன்னும் பத்து வர்சம் அள்ளவா? கக்கூஸ இடிங்க சார்.”

எத்தனை வருடமாக மேடையில் கத்துகிறேன், இவ்வளவு நேராக ஒருநாளும் சொன்னதில்லை. மனசாரக் கை தட்டினேன்.

அவர் தட்டவில்லை. “உங்க ஊட்டு எடுப்பு கக்கூஸும் அப்டியேதான சார் கீது? நாளைக்கும் நான்தான வரணும்?”

என்ன பெண்மணி!

கடப்பாரையைத் தேடி எடுத்து வைத்துவிட்டேன். அவர் ஆறு மணிக்கு வருவார். நான் ஐந்துக்கே தொடங்கிவிட வேண்டும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.