இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும்

பிப்ரவரி 6, 2012

பெட்டிக்காரிக்கு,

நான் நலம். நீயும் உன் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இந்நேரம் உனக்குத் தகவல் வந்திருக்கும், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உன் வக்கீல் மெயிலில் அனுப்பிய விவாகரத்துப் படிவம் ஆறு பக்கம். பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு இந்த மாதக் கடைசிக்குள் உனக்கு அனுப்பச் சொல்லியிருந்தார். தெருமுக்கு ஜெராக்ஸ் கடையில் எடுக்க முடியாது. கடைக்காரரின் மேல்வரிசைப் பல் நான் செய்து கொடுத்தது. நம்மைத் தெரியும். ஒவ்வொரு தாளையும் படித்துவிட்டுத்தான் கையில் தருவார். அதனால் பல் டாக்டர் கிளினிக்கில் ஓரங்கட்டியிருந்த பிரிண்டரைக் கேட்டு வாங்கி வந்தேன்.

நீ லினக்ஸ் போட்டு வைத்த கம்ப்யூட்டர் பெட்டியில் அதை மாட்டினேன். அதற்கு ஒரு மென்பொருள் நிறுவ வேண்டுமாம். நிறுவப் போனால் பாஸ்வேர்டு கேட்டது. என்னுடையதைக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். "இவர் அனுமதிப் பட்டியலில் இல்லை. இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும்." நேற்று நான்கு தடவை செய்து பார்த்தேன், நான்கு தடவையும் அதேதான்.

யாருக்குத் தெரிவிக்கப்படும் என்று போடவில்லை. பெட்டியை ஏற்பாடு செய்தவள் நீ. உனக்குத்தானே வரும். உனக்குத் தெரியாமல் எதையும் மாற்ற நினைக்கவில்லை. படிவத்துக்காகத்தான் செய்தேன்.

போன வருஷமும் இப்படிச் சில தடவை வந்தது. தகவல் வந்தும் நீ ஒன்றும் கேட்கவில்லை. உனக்கு விருப்பமில்லை என்று புரிந்துகொண்டு அதோடு விட்டுவிட்டேன்.

பட்டியலில் என் பெயரைச் சேர்க்க முடியுமா?

இப்படிக்கு,
பல்லுக்காரன்

-

பிப்ரவரி 13, 2012

பல்லுக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. பதினோரு மாதத்தில் உங்களிடமிருந்து வந்த முதல் கடிதம். அதுவும் பிரிண்டருக்காக. ஊரில் உள்ள வாய்க்கெல்லாம் பல் கட்டிக் கொடுக்கிறீர்கள், உங்கள் வாய் மட்டும் திறக்காது. சரி, போகட்டும்.

எனக்கு எந்தத் தகவலும் வரவில்லை. வரவும் வராது. அந்தப் பெட்டி புகாரை எழுதி, அந்தப் பெட்டிக்குள்ளேயே என் கணக்கில் இருக்கும் ஓர் உள்தபாலில் போட்டுவிட்டு இருந்துவிடும். வெளியே ஒரு அடி நகராது. எங்கள் கல்லூரி லேபில் நாற்பது பெட்டி இருக்கிறது. நாற்பதும் இப்படித்தான் தனக்குள்ளேயே புகார் சொல்லிக்கொண்டிருக்கும். யாரும் திறந்து பார்ப்பதில்லை.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதல் திரையில் உங்கள் பெயருக்குப் பதில் என் பெயரைத் தேர்ந்தெடுங்கள். பாஸ்வேர்டு "சாப்டாச்சா", ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். என்னிடம் நீங்கள் கேட்கும் ஒரே கேள்வி, மறக்காது என்று வைத்தேன். பிறகு கறுப்புத் திரையைத் திறந்து, இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கும் வரிகளில் முதல் இரண்டையும் எழுத்துப் பிசகாமல் அடியுங்கள். முதல் வரி பிரிண்டர் மென்பொருளை நிறுவும். இரண்டாவது வரி உங்கள் பெயரை அனுமதிப் பட்டியலில் சேர்க்கும்.

அங்கேயும் பாஸ்வேர்டு கேட்கும். அடிக்கும்போது திரையில் ஒன்றுமே தெரியாது, புள்ளிகூட வராது. கெட்டுப்போச்சு என்று நிறுத்திவிடாதீர்கள். வெளியே தெரியாவிட்டாலும் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும்.

அந்தப் புகார்கள் உங்களை உறுத்தினால் உள்தபாலைத் திறந்து எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். எப்படி என்று மூன்றாவது வரியில் இருக்கிறது. கடைசியாக, உங்கள் பெயரில் நுழைந்து, பயனர்கள் என்ற இடத்தில் என் கணக்கை நீக்கிவிடுங்கள். இனி அந்தப் பெட்டியில் எனக்கு வேலை இல்லை.

அக்கா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
பெட்டிக்காரி

-

பிப்ரவரி 20, 2012

பெட்டிக்காரிக்கு,

நீ எழுதியபடியே செய்தேன். பாஸ்வேர்டு அடிக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. நீ சொல்லியிருந்ததால் நிறுத்தவில்லை. பிரிண்டர் ஓடுகிறது. கொஞ்சம் சாய்வாக அடிக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது.

படிவம் ஆறு பக்கமும் இத்துடன் இருக்கிறது. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போடும்போது ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அச்சில் மெழுகு ஊற்றிவிட்டு ஆறட்டும் என்று உட்கார்ந்திருப்போமே, அப்படித்தான் இருந்தது. முடித்துவிட்டு கீழ்வரிசை ஒன்று பாக்கி இருந்தது, அதை ராவிக் கொடுத்தேன். நன்றாகப் பொருந்தியது என்றார்கள்.

உள்தபாலைத் திறந்தேன். உன் பெயருக்கு இருபத்து மூன்று தபால் வந்து கிடக்கிறது. அழிக்கச் சொல்லியிருந்தாய், எனக்குக் கை வரவில்லை. அடுத்தவர் பெயருக்கு வந்த தபாலைப் படிப்பதே தப்பு, அழிப்பது அதைவிடத் தப்பு. அதனால் படிக்காமல் அப்படியே பிரிண்ட் எடுத்துப் படிவத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். நீ பார்த்துவிட்டுக் கிழித்துப்போடலாம்.

உன் கணக்கை நீக்குவது மட்டும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை செய்துவிடுகிறேன்.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. ஆள் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பால்கனியில் நீ கட்டிய கொடியில் ஒரு பக்கம் அறுந்துவிட்டது. எனக்கு ஒரு பக்கமே போதுமானதாக இருக்கிறது.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

இப்படிக்கு,
பல்லுக்காரன்

-

மார்ச் 5, 2012

பல்லுக்காரருக்கு,

உங்கள் உறையை லேபில் வைத்துப் பிரித்தேன். படிவம் மேலே இருந்தது. மதிய இடைவேளையில் கொண்டுபோய் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். மிச்சத் தாள்களை, பிரிண்டர் ஓடுகிறதா என்று பார்க்க எடுத்தவை என்று நினைத்துப் பையில் திணித்தேன். எட்டு நாள் அப்படியே கிடந்தன. நேற்று முன்தினம் பஸ்ஸில் சில்லறை தேடும்போது கையில் வந்தன.

நீங்கள் படிக்கவில்லை, அதனால் அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, என்ன மென்பொருளை நிறுவப் பார்த்தார் என்று ஒவ்வொன்றிலும் நான்கு வரி இருக்கும்.

கடைசி நான்கு மட்டும்தான் பிரிண்டர்.

முதலாவது போன வருஷம் மார்ச் 13, ஞாயிறு, காலை 10.04. நான் கிளம்பி வந்த மறுநாள். நிறுவப் பார்த்தது, முகம் பார்த்துப் பேசும் மென்பொருள். அடுத்தது மார்ச் 20, ஞாயிறு, 10.02. அதே மென்பொருள். மார்ச் 27, அதே. ஒரு ஞாயிறு விடாமல் ஜூலை 17 வரை. பத்தொன்பது. விரல் விட்டு இரண்டு தடவை எண்ணினேன்.

வாசலில் வைத்து நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவிருக்கிறது. "போன்ல ம், சரின்னு சொல்றதுக்காகக் கூப்பிடாதீங்க. என் முகத்தப் பாத்துப் பேசணும்னு தோணுச்சுன்னா கூப்பிடுங்க." கோபத்தில் சொன்னது. ஒரு பேச்சுக்குச் சொன்னது. உங்கள் பட்டன் போனில் முகம் தெரியாது என்பதற்காக, பெட்டியின் முன்னால் வாராவாரம் உட்கார்ந்து, முடியாமல் எழுந்து போவீர்கள் என்று நான் எப்படி நினைப்பேன்? அந்தப் புகாரெல்லாம் எனக்கு வருவதாக வேறு நினைத்திருக்கிறீர்கள். நான் பார்த்தும் பேசாமல் இருப்பதாக நினைத்திருக்கிறீர்கள். பத்தொன்பது வாரம்.

அந்த ஞாயிறுகளில் பத்து மணிக்கு அக்கா வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பேன். போனை இடுப்பில் செருகி வைத்திருப்பேன். "என்னடி, அது என்ன குழந்தையா, இடுப்ப விட்டு எறக்க மாட்டேங்கற" என்று அக்கா கேலி செய்வாள். அது அடிக்கவில்லை. ஆகஸ்டில் அதைச் சமையலறை அலமாரியில் வைக்க ஆரம்பித்தேன்.

உங்கள் மேல் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. இறங்க வேண்டிய இடம் போனது தெரியாமல் கடைசி நிறுத்தம் வரை போய்விட்டேன். கண்டக்டர் வந்து தட்டினார்.

படிவம் போனது போனதுதான். இந்த மாதம் 19ஆம் தேதி இருவரையும் கோர்ட்டுக்கு நேரில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்களாம், பிரிவதற்குச் சம்மதமா என்று. நீங்கள் எப்போதும்போல "ம், சரி" என்றால் அங்கேயே முடிந்துவிடும். நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை நாள் தெரிந்தது.

அங்கே முகம் பார்க்க மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பெட்டிக்காரி

-

மார்ச் 11, 2012
ஞாயிறு

பெட்டிக்காரிக்கு,

கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. மூன்று நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன்.

நீ சொன்னதைப் பேச்சுக்குச் சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. டாக்டர் ஒரு மில்லிமீட்டர் என்று எழுதினால் ஒரு மில்லிமீட்டர்தான் ராவுவேன். எனக்கு அப்படித்தான் வரும்.

இரண்டு ஞாயிறாகத் தள்ளிப்போட்ட வேலையை இன்று செய்ய உட்கார்ந்தேன். என் பெயரில் நுழைந்தேன். இப்போது தடுக்கவில்லை. பயனர்கள் என்ற இடத்தில் நம் இரண்டு பெயரும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. உன் பெயரைத் தொட்டு நீக்கு என்று கொடுத்தேன். பெட்டி உடனே நீக்கவில்லை. இந்தக் கணக்கையும் இதில் உள்ள எல்லாவற்றையும் நீக்கிவிடலாமா, நிச்சயமா என்று கேட்டது.

கேள்வியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குழாய்க்காரர் வந்து வேலையை முடித்துவிட்டுப் போனார், அப்போதும் கேள்வி அப்படியே இருந்தது. அவசரப்படுத்தவில்லை.

வேண்டாம் என்று கொடுத்தேன். பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. உன் பெயர் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

என்னிடம் யாராவது ஒன்றைக் கேட்டு நான் வேண்டாம் என்று சொன்னது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. அன்றைக்கு வாசலில் நீ, "நான் போகட்டுமா" என்று கேட்டபோதுகூட, சரி என்றுதான் சொன்னேன்.

19ஆம் தேதி வருகிறேன். சம்மதமா என்று கேட்டால் இல்லை என்று சொல்வேன். நீ என்ன சொல்வதானாலும் சொல். ஆனால் நான் சொல்லப் போவது உனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பெட்டிக்குள் கிடந்துவிடக் கூடாது.

அதனால் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடு.

இப்படிக்கு,
பல்லுக்காரன்