ரெட்டை நம்பர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், அவருடைய வலது கையை மட்டும் கணக்கில் சேர்க்காதே, அது இப்போது டீ கிளாஸைப் பிடித்தால் தந்தி அடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமென்று உன் கையால் எழுதி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். போட்டோவில் பிள்ளை இளைத்துத் தெரிகிறாள். கேமராதான் அப்படிக் காட்டுகிறது என்று எனக்கே சமாதானம் சொல்லாதே.

போன மாதம் நம் வீட்டு வாசலில் யார் வந்து நின்றது தெரியுமா, அப்பாவின் பழைய ஃபோர்மேன். மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. நீ என் வயிற்றில் இருந்தபோது, ரயில்வே ஷெட்டில் புதுப் பெயின்ட் அடித்த இன்ஜினுக்கு 6218 என்று எழுத வேண்டியதை இந்த மனுஷன் 6281 என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார், அப்பாவும் அப்படியே எழுதினார், அந்த நம்பரில் ஏற்கெனவே பெட்டிகளை இழுத்துக் கோக்கிற ஒரு ஷன்டிங் இன்ஜின் பக்கத்திலேயே நிற்கிறது. பெரிய அதிகாரி வந்து சத்தம் போட்டதும், நான் சரியாத்தான் சொன்னேன், பெயின்டர்தான் தூங்கிக்கிட்டே எழுதிட்டான் என்று ஃபோர்மேன் கையைக் கழுவிக்கொண்டார். அப்பாவை வேலையில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவருக்குப் பெயர் ரெட்டை நம்பர். உன் கல்யாணத்தில்கூட, ரெட்டை நம்பர் பொண்ணுக்கா கல்யாணம் என்று கேட்டுக்கொண்டுதான் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

அப்பேர்ப்பட்டவர் நம் நாற்காலியில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்து, ஒரு பொம்மை இன்ஜினை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஓய்வு பெற்றவர்கள் சங்கக் கூட்டத்தில் மேஜை மேல் தண்டவாளம் போட்டு ஓட்டுவார்களாம். கடையில் வாங்கியது நீலமாக இருக்கிறது, நம்ம ஷெட் இன்ஜின் மாதிரி கறுப்படிச்சு சிவப்புப் பட்டை போட்டு நம்பர் எழுதிக் குடு, உன் கை மாதிரி வராதுப்பா என்றார். அந்தக் கையைத்தான் அன்றைக்குத் தூங்குகிற கை என்றார். என்ன நம்பர் சார் என்று அப்பா கேட்டார். கண்ணை மூடித் திறப்பதற்குள் சொல்கிறார், 6281. நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா தரையைப் பார்த்தார்.

பிறகு வீடு வீடாக இல்லை. பழைய பெயின்டை தின்னரில் ஊறவைத்துத் தேய்க்க என் பல் பிரஷ், கறுப்பு ஸ்பிரே அடிக்க நம் குளியலறை, இப்போது வாளியும் ஷெட்டில் சேர்ந்த மாதிரி இருக்கிறது. சிவப்புப் பட்டைக்கு டேப் ஒட்டி எப்படியோ சமாளித்தார். நம்பரை இந்தக் காலத்தில் எழுதுவதில்லை, அச்சடித்த தாளை வெட்டித் தட்டுத் தண்ணீரில் போட்டால் எழுத்து தனியே நழுவி வரும், அதை இடுக்கியால் எடுத்து ஒட்டி மேலே வார்னிஷ் பூச வேண்டும். அவர் கை ஆடுவதால் அது என் வேலை. சரியான நம்பரையே ஒட்டு, அந்த மனுஷனை எதுக்கு நாலு பேர் முன்னாடி நிறுத்தணும் என்றார். ஆர்டர் குடுத்தவர் சொன்னதைத்தான் ஒட்டுவேன், நம்ம வீட்டில் அதுதான் பழக்கம் என்று 6281-ஐ நூல் பிடித்த மாதிரி ஒட்டினேன். ஐந்தாம் வகுப்பு படித்தவள்தான், ஆனால் எந்த நம்பர் எந்த வரிசை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

இன்ஜினைக் கொடுக்க அப்பா கூட்டத்துக்குக் கிளம்பியபோது, நானும் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு கூடப் போனேன். இன்ஜின் அழகாக ஓடியது. அந்தக் காலத்தில் நிஜ 6218-ஐ ஓட்டிய நெட்டை டிரைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். இது ஷன்டிங் வண்டி நம்பராச்சே, ரெட்டை நம்பர் மறுபடியும் வேலையக் காட்டிட்டானா என்றார், எல்லோரும் சிரித்தார்கள். உடனே ஃபோர்மேன் எழுந்து, யாருய்யா சிரிக்கிறது, நான்தான் சொன்னேன், அன்னிக்கும் இதத்தான் சொன்னேன், இன்னிக்கும் இதத்தான் சொல்றேன் என்றார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதற்காகத்தானே உயிரோடு இருந்தேன்.

ஃபோர்மேனுக்கு ஏதோ தப்பென்று பட்டிருக்கிறது, ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார், சந்தையில் கை விட்டுப்போன குழந்தை பார்க்கிற மாதிரி. அவர் மகள் ஓடி வந்து தோளைப் பிடித்தாள், அப்பா இப்பல்லாம் வீட்டுக்கு வழியே மறந்துடுறார் என்று மெதுவாகச் சொன்னாள். அப்போது உன் அப்பா எழுந்தார். இல்ல சார், நீங்க சரியாத்தான் சொன்னீங்க, நான்தான் மாத்தி எழுதிட்டேன், அன்னிக்கும் இன்னிக்கும். கேட்டாயா. அன்றைக்கும் என்று சேர்த்துச் சொன்னார். ஃபோர்மேன் உடனே தெளிந்து, இனிமே தூங்காம எழுது என்று புத்தி வேறு சொன்னார். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள், உன் அப்பாவும்.

பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இதையும் தீர்த்துட்டா நீ எதை வெச்சுச் சண்டை போடுவே என்கிறார். எனக்கென்ன பஞ்சம், உன் அத்தை விஷயம் ஒன்றே என் காலத்துக்குப் போதும். ஃபோர்மேன் முகத்தை நானும் பார்த்தேன், குருடில்லை. ஆனாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அதனால் நானும் அவரும் இப்போது பேசுவதில்லை. நீ பதில் போடும்போது அவருக்குத் தனித் தாளில் எழுது, ரத்த அழுத்த மாத்திரை போடுகிறாரா என்று கேள். நான் பெயின்ட் டப்பா மூடிமேல் வைத்துவிட்டு வருகிறேன், திரும்பிப் போனால் இருப்பதில்லை, விழுங்கினாரா ஜன்னல் வழியே எறிந்தாரா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். நான் கேட்கச் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைந்து இருங்கள். பிள்ளைக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா