தங்கச்சியின் மருந்தும் என் மேல்மாடியும்

ஞாயிறு, ஜூலை 12

இன்று நான் சொல்லாமல் விட்டது: "மாமி, அந்த மருந்து எனக்கில்லை."

காலையிலிருந்து புழுதி கிளப்புகிற கச்சான் காற்று. வாசலுக்கு எத்தனை தரம் தண்ணீர் தெளித்தும் மண் அடங்கவில்லை. தங்கச்சி சிஃபானாவைப் (இனி சி.) பெண் பார்க்க மருதமுனையிலிருந்து ஆட்கள். சமைத்தது: இறைச்சி, கோழி, கத்தரிக்காய், வட்டிலப்பம். சமைத்தவள் நான். சி. அடுப்புப் பக்கம் வரக் கூடாது. கிணற்றடிக்குத் தனியே போகக் கூடாது. நித்திரை குழம்பக் கூடாது. பகல் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் எழும்பி, முகம் கழுவி வந்து நின்றாள். நுங்கு மாதிரி இருந்தாள். என் கையெல்லாம் உள்ளி மணம்.

சாப்பாடு முடிந்து மாப்பிள்ளையின் உம்மா (இனி ம.மாமி) பின்பக்கக் குழாயில் கை கழுவ வந்தா. துவாயை நீட்டினேன். துவாயை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தா.

"மகள், ஒங்கட வருத்தம் இப்ப எப்படி?"

எனக்கு விளங்கவில்லை.

"மறைக்கத் தேவல்ல. ஆஸ்பத்திரில மருந்தெடுக்கிற வரிசைல மாசா மாசம் ஒங்களக் காணுறதாம். எங்கட மச்சிட மகள் அங்கதான் வேல. வலிப்பு மருந்தெண்டு செல்லிச்சு. அல்லாஹ் சுகமாக்குவான்."

"இப்ப சுகம் மாமி."

சொன்னது இவ்வளவுதான். தலையைத் தடவிவிட்டுப் போனா. நல்ல மனுசிதான்.

சி.க்கு முதல் வலிப்பு வந்தது ஏ.எல். படிக்கும்போது. வகுப்பில் இல்லை, வீட்டில். அதற்கே உம்மா இன்றுவரை ஷுக்ர் செய்கிறா. மருந்து ஒழுங்காகப் போவதால் இப்போது வருவதில்லை. கல்யாணமாகாத குமர்ப்பிள்ளை அந்த வரிசையில் நின்றால் ஊர் கதைக்கும் என்று மருந்தெடுக்க என்னை அனுப்பினா உம்மா. நானும் குமர்தான். அது அன்றைக்கு ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும்தான். நான் வேலை செய்கிற கந்தோருக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரி, அதைத்தான் யோசித்தோம்.

பாத்திரம் கழுவி முடிய இஷா தொழுகை நேரம்.

திங்கள், 13

வாங்க வேண்டியது: வாப்பாவின் புண்ணுக்குப் பஞ்சு, பிளாஸ்டர். மிளகாய்த்தூள். என் செருப்புக்கு வார் (அடுத்த மாதம் பார்க்கலாம்).

கந்தோரில் மின்விசிறி பழுது. ஃபைல் மட்டையால் விசிறிக்கொண்டு ரிஸ்மியா என் மேசைக்கு வந்தாள்.

"என்னகா, தங்கச்சிக்குச் சரிவந்திட்டாமே. மூத்தவ நிக்கக்குள்ள இளையவக்கா எண்டு ஆரும் கேக்கல்லயா?"

"கேட்டாங்க. வாப்பா சிரிச்சுச் சமாளிச்சார்."

பிறகு குரலைக் குறைத்தாள். "கோவிக்காத. அந்த நிந்தவூர் மாஸ்டர் ஏன் திரும்பி வரல்லெண்டு தெரியுமா ஒனக்கு?"

தெரியாது என்றேன்.

"விசாரிச்சிரிக்காங்க. புள்ளைக்கு வருத்தமெண்டு ஆரோ செல்லிட்டாங்க. நான் செல்லிப் பாத்தன், அவ நல்லாத்தான் இரிக்கா, எனக்குப் பக்கத்து மேச எண்டு."

"எனக்கிட்டக் கேட்டிரிக்கலாமே."

"வருத்தத்த எப்படிகா நேர கேக்கிற?"

போன வருடம் அந்த மாஸ்டர் வந்தபோது என்ன புத்தகம் வாசிக்கிறீங்க என்று கேட்டார். பெண் பார்க்க வந்த எவரும் அதுவரை கேட்காத கேள்வி. அதற்குப் பிறகு அவர்கள் பக்கமிருந்து பேச்சில்லை. என் நிறம்தான் காரணம் என்று முடிவுகட்டி ஒரு வருடமாகக் கண்ணாடியோடு கோபம். நிறம் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை.

சி.யிடம் இருப்பவை: அந்த முகம். விடிந்தும் எழுப்பாத உம்மா. அவள் சாப்பிடாவிட்டால் தானும் சாப்பிடாத வாப்பா. ஒரு மாப்பிள்ளை, சொந்தமாக ஹாட்வெயார் கடை. இதெல்லாம் போக நோயும் அவளிடம்தான், நோய்க்குக் கிடைக்கிற செல்லமும் அவளுக்குத்தான். பேர் மட்டும் எனக்கு.

வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். உண்மையாகவே எனக்கு ஒரு வருத்தம் இருந்திருக்கலாம் என்று பஸ்ஸில் நினைத்தேன்.

புதன், 15

வாப்பாவின் கால் புண் பெருவிரல் பக்கம் ஆறுகிறது, குதிப் பக்கம் இல்லை. இரத்தத்தில் சீனி குறையாமல் ஆறாதாம். நிற்க முடியாது, ஆகவே துணிக்கடை பாதி நாள் பூட்டு. கடை பூட்டினால் என் சம்பளம். சம்பளத்தில் வீட்டுக் கடன் வெட்டுப்போக மிச்சம். நான் ஒரு கிழமை காய்ச்சலில் படுத்தால் இந்த வீட்டில் எதெது நிற்கும் என்று பஞ்சை நனைத்துக்கொண்டே யோசித்தேன். நல்லவேளை எனக்குக் காய்ச்சல் வருவதில்லை.

எங்கள் பக்க வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்க, பெண் பேரில் வீடு வேண்டும். இருக்கிற வீடு ஒன்று, குமர் இரண்டு. கடை நன்றாக ஓடிய காலத்தில் வாப்பா கட்டியது கீழ்வீடு. மேல்மாடி என் கடனில். பூச்சு முடியவில்லை, ஒரே ஒரு அறைக்குக் கதவு. அதில் நானும் புத்தகங்களும். கீழ் சி.க்கு, மேல் எனக்கு, இதுதான் வீட்டில் பேசிவைத்தது. மருதமுனைக்காரரும் சரி என்றார்கள்.

பின்னேரம் ம.மாமி கேட்டதை உம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தா.

"நீ என்ன செல்லின?"

"சுகமெண்டன்."

"அப்படியே இரிக்கட்டும் கிளி. நிக்காஹ் முடியட்டும், பொறகு நாமளே செல்லுவம்."

"எனக்குக் கேட்டு வாறவங்களுக்கு ஆரும்மா செல்ற?"

"ஒனக்கென்ன, உத்தியோகம் இரிக்கி. ஒன்ட வருத்தம் பொய் வருத்தம் புள்ள. அவட உண்ம வருத்தம்."

உள்ளேயிருந்து வாப்பா: "மெதுவாக் கதையுங்க ரெண்டு பேரும். பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

பக்கத்து வீட்டுக்கு என் வருத்தம் எப்போதோ கேட்டிருக்கும்.

வியாழன், 16

மருந்து நாள். கந்தோருக்கு அரை நாள் லீவு. வரிசையில் எனக்கு முன்னால் நாவிதன்வெளிப் பக்கத்திலிருந்து ஒரு ஐயா, மகனுக்கு எடுக்க வந்தவர். வயல் வெட்டுக்கு மெஷின் வந்து நிற்கிறதாம், இங்கே நின்றால் அது அடுத்தவன் வயலுக்குப் போய்விடுமாம். "பிள்ளைக்கா எடுக்கிறீங்க?" என்று கேட்டார். வாய் திறக்குமுன் வரிசை நகர்ந்துவிட்டது.

குளிசை கொடுக்கிற பிள்ளை மருந்துத் துண்டில் உள்ள பேரைப் பார்க்காமல், நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது. இதுதானா அந்த மச்சியின் மகள். கொஞ்சம் சிரித்தேன். அதற்கும் பாவம் பார்த்தது.

இரண்டு வகையில் ஒன்று முடிந்துவிட்டதாம். வெளியே பார்மசியில் வாங்கினேன். செருப்பு வார் அதற்கடுத்த மாதம்.

வந்து கொடுத்தபோது சி. மாடிப்படியில் உட்கார்ந்து மாப்பிள்ளையோடு ஃபோனில். தலையைச் சரித்துச் சிரிக்கிறாள். குளிசைப் பையை ஒரு கையால் வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். "ஜஸாக்கல்லாஹ் ராத்தா," வாயசைவில். படியில் எனக்கு வழிவிடக் காலை மடக்கினாள். அந்தக் கால் விரல்களும் அழகு.

சொல்லிவிட்டால் என்ன? சொல்வதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது: மறைத்துச் செய்கிற கல்யாணம் சரியில்லை. மார்க்கமும் அதைத்தான் சொல்லும். என்னை அரிப்பது அந்தக் காரணம் இல்லை.

சனி, 18

எழுதத்தான் வேண்டும்.

அஸர் தொழுகைக்குப் பிறகு ம.மாமியும் அவ மகளும் அறை அளக்க வந்தார்கள். அலுமாரி, கட்டில் செய்யக் கொடுக்க வேண்டுமாம். அளவு நாடாவை மகள் பிடிக்க, மாமி எண்ணைச் சொல்லச் சொல்ல, சி. தன் ஃபோனில் பதிந்தாள். பிறகு மாமி படியடியில் நின்று மேலே பார்த்தா.

"நானா, குறை நினைக்க வேணாம்," என்றா வாப்பாவிடம், அண்ணன் முறை வைத்து. "மூத்த மகளுக்கு ஒங்கட சொந்தத்துல, சாச்சிட வீட்டுல ஒரு அறை எடுத்துக் குடுக்கேலாதா? நாளைக்கு இங்க எங்கட மகன்ட புள்ளகள் ஓடித் திரியும். இவ படில விழுந்து கிழுந்து, புள்ளகள் அதப் பாத்தாப் பயந்திரும். பாவம்தான், என்ன செய்ற."

வாப்பா காலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். உம்மா என்னைப் பார்த்தா, பிறகு மாமியைப் பார்த்தா.

"ஓம், யோசிப்பம்," என்றா உம்மா.

நான் கட்டிய மாடி. என் சம்பளம். யோசிப்பமாம்.

"மாமி, மருந்து எனக்கில்ல," என்றேன். "சிஃபானாவுக்கு. நான் எடுக்கப் போறது மட்டுந்தான்."

மகளின் கையிலிருந்து நாடா சுருண்டு உள்ளே போன சத்தம். மாமி தண்ணீர் கேட்டா. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, "நாங்க அறிவிக்கிறம்," என்று போனார்கள்.

உண்மையைத்தான் சொன்னேன். சொல்லும்போது எனக்கு நன்றாக இருந்தது. சி.யின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றே திரும்பிப் பார்த்தேன். அதையும் எழுதிவைக்கிறேன், பிறகு நானே மறுக்காமல் இருக்க.

உம்மா: "வயித்தெரிச்சல் புடிச்சவள்."

ஓம்.

ஞாயிறு, 19

காற்று இல்லை. வெக்கை. உம்மா என்னோடு கதையில்லை. தேங்காய் துருவி வைத்தேன், அதை எடுக்காமல் வேறு துருவினா.

சி. மேலே வந்தாள். அழுத கண் இல்லை. கட்டிலில் புத்தகங்களை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

"அவருக்குத் தெரியும் ராத்தா."

"ஆருக்கு?"

"அவருக்கு. மொதல் நாள் ஃபோன்ல கதைக்கக்குள்ளயே செல்லிட்டன். ஒளிச்சுக்கிட்டுச் சிரிக்க ஏலாது எனக்கு."

"என்ன செல்லினார்?"

"மருந்த ஒழுங்காக் குடிக்கியா எண்டு கேட்டார். அவர்ட கடைல வேல செய்ற ஒராளுக்கும் இரிக்காம். உம்மாக்கு நான் ஆறுதலாச் செல்றன், நீ பயப்புடாத எண்டார்." நகத்தைக் கடித்தாள். "ராத்தாக்கு ஒரு வருத்தமும் இல்லெண்டும் செல்லித்தான் இரிக்கன்."

"எனக்கிட்டச் செல்லியிருக்கலாமே நீ."

"நீங்க எப்பயும் வாசிச்சிக்கிட்டு இரிப்பீங்க."

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நாங்களெல்லாம் ஆளாளுக்குப் பூட்டிவைத்த ஒன்றை அவள் முதல் நாளே சொல்லியிருக்கிறாள். அவனும் கேட்டுவிட்டு அங்கேயே நின்றிருக்கிறான். நிந்தவூர் மாஸ்டருக்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை. எனக்கும் அவரைத் தேடிப்போய்க் கேட்கத் தோன்றவில்லை.

நேற்றைவிட இன்று பொறாமை கூட. முகத்துக்கும் வீட்டுக்கும் பட்டதைவிட இது ஆழமாக எரிகிறது.

செவ்வாய், 21

மருதமுனையிலிருந்து மாப்பிள்ளையின் பெரியப்பா வாப்பாவுக்கு ஃபோன் எடுத்தார். பையன் இந்தப் பெண்தான் என்று நிற்கிறானாம், மூன்று நாளாக வீட்டில் சாப்பிடவில்லையாம் (கடையில் சாப்பிடுவான் என்று நினைக்கிறேன்). மாமியும் இறங்கிவிட்டா. ஆனால் வருத்தக்காரப் பிள்ளையை எடுக்கிறார்களாம். மருந்துச் செலவு, நாளைக்குப் பிள்ளை பெறுகிற செலவு, எல்லாம் இருக்கிறதாம். ஆகவே கீழ்வீட்டோடு மேல்மாடியும் சேர்த்து சி. பேரில் எழுத வேண்டும்.

சனிக்கிழமை நான் வாயை மூடியிருந்தால் மாடியை விட்டுப் போக மட்டும்தான் வேண்டியிருந்திருக்கும், மாடி என் பேரில் இருந்திருக்கும். வாயைத் திறந்ததால் மாடியே போகிறது.

புண்ணுக்குக் கட்டுப்போடும்போது வாப்பா சொன்னார்: "நீ ஏலாதெண்டாச் செல்லு மகள். நான் வேணாமெண்டு அறிவிக்கன். ஒன்ட காசு அது."

"கடன்?"

"கடன் ஒன்ட சம்பளத்துலதான் போகும். கட வழமைக்கு வந்தா நான் தருவன்." குதியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

சி. கதவுக்கு வெளியே நின்றிருக்கிறாள். நான் வந்ததும் கையைப் பிடித்தாள். "எனக்கு மாடி வேணா ராத்தா. நானே அவருக்கிட்டச் செல்லவா? அவர் கேப்பார்."

கேட்பான்தான். அவள் சொன்னால் அவன் கேட்பான், அவன் சொன்னால் மாமி இறங்குவா, மாடி எனக்குத் திரும்ப வரும், அவள் வாங்கித் தந்ததாக. காலம் முழுக்க அந்த மாடியில் அவள் தயவில் இருக்க வேண்டும்.

"எடு," என்றேன்.

கட்டிப்பிடித்து அழுதாள். அன்பு என்று நினைத்துவிட்டாள். நான் திருத்தவில்லை.

வியாழன், 23

உறுதி எழுத நொத்தாரிசு வீட்டுக்கே வந்தார், வாப்பாவின் காலுக்காக. கொத்துமல்லித் தேநீர் கொடுத்தேன். வீடு முழுக்க சி. பேருக்கு. உம்மா என்னோடு கதைக்கத் தொடங்கிவிட்டா: "நீ சாப்பிட்டயா?"

புத்தகங்களைப் பின்னறைக்கு இறக்கினேன். அறை சின்னது, யன்னல் கோழிக்கூட்டைப் பார்த்தபடி. மேலே பூச்சுக்காரர் வந்துவிட்டார்கள். நான் இருந்தவரை பூசாத சுவர்.

சனி, ஆகஸ்ட் 1

நேற்று ஜும்ஆவுக்குப் பிறகு நிக்காஹ். மாப்பிள்ளை குடிவந்துவிட்டார். கீழ்வீட்டில் காற்று இல்லை, வெக்கை என்று இருவருக்கும் மேல்மாடியைக் கொடுத்தார்கள். கடன் வழமைபோல என் சம்பளத்தில் வெட்டுப்பட்டது.