அழிக்கட்டுமா என்று கேட்கும் பெட்டி

மார்ச் 3, திங்கள்

மருத்துவமனையிலிருந்து மீண்டும் புகார். மேசைக் கணினியில் ஓடிய எங்கள் பழைய மென்பொருளை இணையத்துக்கு மாற்றியதிலிருந்து, நோயாளிகளின் குறிப்புகளில் வரிகள் காணாமற்போகின்றனவாம். ஆராய்ந்தேன். மென்பொருள் எதையும் விழுங்கவில்லை; செவிலியர்களே அழித்திருக்கிறார்கள். அதுவும் "அழிக்கட்டுமா?" என்று திரையில் கேட்கும் பெட்டிக்கு "ஆம்" சொல்லிவிட்டு.

குழுவுக்கு நான் எழுதிய விதிகளில் இரண்டாவது: கேட்காமல் எதையும் அழிக்காதே. விதியில் பிழையில்லை. ஆகவே இன்னொரு பெட்டி சேர்த்தேன்: "உறுதியாகவா?"

குழுவின் இளையவள் விடவில்லை. கேள்வியாகவே கேட்பதால் அவளுக்குக் 'குடைச்சல்' என்று பெயர். "ஒண்ணையே படிக்காதவங்க ரெண்டைப் படிப்பாங்களா சார்? கேக்காதீங்க. அழிச்சதைத் திருப்பிக் குடுங்க."

இரண்டாவது பெட்டியை இன்றே வெளியிட்டேன்.

மார்ச் 5, புதன்

அக்காவுக்குச் சனிக்கிழமை பித்தப்பை அறுவை, அதே மருத்துவமனையில். இன்று சேர்த்தேன். பென்சிலின் அவளுக்கு ஆகாது. முன்பொருமுறை தொண்டை வீங்கி மூச்சே நிற்கப் பார்த்தது. செவிலியர் பதிந்துகொண்டார். பழைய பதிவிலும் அந்த வரி இருந்ததால் இரட்டையாகிவிட்டது. இப்படி இரட்டித்த வரிகளை அழிப்பதே இவர்களுக்கு அன்றாட வேலை போலும். அக்காவோடு பேசியபடியே அழித்தார். வலக்கை என்ட்டர் விசைமேல். பெட்டி விரியுமுன்பே — டக் டக்.

"அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா சிஸ்டர்?"

"எதுல சார்?"

திரையைத் திருப்பச் சொன்னேன். பென்சிலின் வரிகள் இரண்டுமே இல்லை; ஒன்றுக்குப் பதில் இரண்டையும் தேர்ந்திருக்கிறார்.

"என்னடா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? மறுபடி எழுதினா ஆச்சு" என்றாள் அக்கா. எழுதினார்கள். மணிக்கட்டுப் பட்டையிலும் எழுத வைத்தேன். ஆனால் வார்டில் திரையைப் பார்த்துத்தான் மருந்து எடுக்கிறார்கள். நாளை இன்னொரு டக் டக் விழுந்தால்? அக்காவுக்காவது நான் இருக்கிறேன். அடுத்த படுக்கைக்கு?

மார்ச் 6, வியாழன்

குடைச்சலும் நானும் பெட்டிகளை எடுத்துவிட்டோம். அழித்த வரி இனி மறையாது; சிவப்புக் கோட்டோடு அங்கேயே நிற்கும். பக்கத்தில் 'மீட்டெடு' என்றொரு பொத்தான். அவள் 'அப்பவே சொன்னேன்' என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மார்ச் 7, வெள்ளி

விதி ஏழு: வெள்ளிக்கிழமை எதையும் வெளியிடாதே. விடுமுறையில் உடைந்தால் தூக்கி நிறுத்த ஆளிருக்காது. எழுதியவன் நானே, இன்று அதை மீற அனுமதி கேட்டவனும் நானே.

"நீங்களா? வெள்ளிக்கிழமை காபி மெஷினைத் தொட்டாலே திட்டுவீங்களே!" என்றார் மேலாளர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

பதிவுகளின் காப்பு நகலை எடுத்ததோடு நில்லாமல், வேறொரு கணினியில் விரித்துப் பார்த்தோம். விரித்துப் பார்க்காத நகலை நம்பக் கூடாது. பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியையும் ஒருமுறை போய்ப் பார்த்தோம். அதன்பிறகே வெளியீடு — முதலில் அக்காவின் வார்டுக்கு மட்டும்.

செய்தது சரியா? அக்காவுக்காக அவசரப்பட்டுவிட்டேனா? ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா யார் மூஞ்சில முழிப்பேன்?

மார்ச் 8, சனி

உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா எழுந்து உட்கார்ந்து, சூப்பில் உப்பில்லை என்று சண்டை போடுகிறாள்.

நடைவழியில் அதே செவிலியர். "பெட்டிய ஏன் சார் எடுத்தீங்க? கை அது பாட்டுக்குத் தட்டுது." சிரித்தவர் குரலைத் தாழ்த்தினார். "நேத்து காலைல, ஆபரேஷனுக்கு முன்னாடி, உங்க அக்காவோட பென்சிலின் வரியத்தான் சார் அழிச்சிருக்கேன். செவப்புக் கோட்டோட அங்கேயே நின்னுச்சு. உடனே மீட்டுட்டேன்."

அக்காவின் சூப்புக்கு உப்பு வாங்கப் போனேன்.

மார்ச் 10, திங்கள்

அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும் விதிகளில் இரண்டாவதன் மேல் சிவப்பு மையால் கோடு போட்டேன். எழுத்து கீழே தெரிகிறது. ஏழாவது இருக்கட்டும்.

குடைச்சல் வந்து நின்று பார்த்தாள்.

"மீட்டெடு பொத்தான் எங்க சார்?"