கடப்பாரையால் தோண்டிப் பார்த்த வேர்

என் பிடிவாதக்கார மாமாவுக்கு,

கட்டிக்கொண்ட நாளிலிருந்து உங்களை எதிர்த்துப் பேசியவள்தான் எழுதுகிறேன். மேட்டுக்காட்டில் நேற்று நிலக்கடலை பிடுங்கி முடித்தோம். நல்ல விளைச்சல். காடு நம் கையை விட்டுப் போகவில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உங்கள் தம்பி முருகேசன், "அண்ணி, இந்தக் காட்ல கடல வராதுங்க. குத்தகைக்கு வுட்டுடலாம்" என்றார். அவரைச் சொல்லி என்ன? மூன்று வருடமாக மழை பத்து நாள் தள்ளினாலே செடி சுருண்டது. நீங்கள் வானத்தைத் திட்டினீர்கள், யூரியாவை இன்னும் ஒரு கை வீசினீர்கள். இலை கருகருவென்று வந்தது, காய்தான் வரவில்லை. இந்த ஆடிப் பட்டத்து விதைப்பை மட்டும் என்னிடம் விடுங்கள் என்று அவரிடம் கேட்டு வாங்கினேன்.

போன வருடச் சண்டை நினைவிருக்கிறதா? நீங்கள் எப்போதும் செடியைப் பிடுங்கிக் காயை எண்ணுவீர்கள். ஆணிவேர் அறுந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும், அதை யார் பார்த்தது? நான் கடப்பாரை எடுத்துச் செடிக்குப் பக்கத்தில் குழி தோண்டினேன். ஒரு சாண் ஆழத்தில் மண் சிமெண்டுத் தரைபோல இறுகிக் கிடந்தது. வேர் அதில் முட்டிப் பக்கவாட்டில் போயிருந்தது. அடியில் இருந்த ஈரமும் சத்தும் அதற்கு எட்டவே இல்லை.

"வந்து பாருங்க மாமா" என்று கூப்பிட்டேன். "பொதையல் தேடறியான்னு ஊரே சிரிக்கும், மூடுடி குழிய" என்றீர்கள். கோபத்தில் மூடாமலே வந்துவிட்டேன்.

கோடையில் டிராக்டர்கார பாஷா பாய் அரூரிலிருந்து, இறுகிய அடிமண்ணை உடைக்கும் உளிக்கலப்பை கொண்டுவந்து நெடுக்கும் குறுக்குமாக ஆழ உழுதார். யூரியாவை நிறுத்தித் தொழுவுரம் போட்டேன். பூத்தபின் ஜிப்சம் போட்டு மண் அணைத்தேன். காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேரிடம் கேட்காது, மண்ணிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். உங்களைப் போலத்தான், யாரையும் கேட்காது.

ஆவணியில் மழை நின்றது. அக்கம்பக்கத்துக் காடுகள் வாடின, நம்முடையது தாக்குப்பிடித்தது. முருகேசனைக் கூட்டிப்போய்த் தோண்டிக் காட்டினேன். வேர் என் முழங்கை நீளத்துக்கு மேல் நேராக இறங்கியிருந்தது. அவர் குழிக்குள் இறங்கித் தொட்டுப் பார்த்தார். "குத்தகப் பேச்சே வேணாங்க அண்ணி, நீங்களே பாத்துக்குங்க" என்றார்.

நேற்று பாஷா பாய் வந்தார். "அக்கா, கடல வெளஞ்சிடுச்சு, இனிமே சொன்னா தப்பில்ல. போன வருசமே அண்ணன் என்கிட்ட உளிக்கலப்ப கேட்டு வெச்சாருங்க. உங்க குழில எறங்கிப் பாத்தாராம். 'அவ சொன்னதுதான் சரி, உழுதப்பறம் நானே சொல்லிக்கறேன், நீ வாயத் தொறக்காத'ன்னாரு."

உழவுக்கு முன்னால் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது. கடலைக் குவியல் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மாமா? தோற்றுவிட்டதாகச் சிரிப்பேன் என்றா? சிரித்துத்தான் இருப்பேன்.

அடுத்த ஆடியிலும் கடலைதான். வருடா வருடம் ஒரு குழி தோண்டுவேன். நீங்கள் இறங்கிப் பார்க்க ஒரு நாள் விட்டுத்தான் மூடுவேன்.

உங்களைக் கட்டிக்கொண்ட வாயாடி,
சாந்தி