முனிக்கல் பள்ளத்தில் நிற்காத விளக்கு

லுணுகலை
06.02.2005

அன்பு மகள் வதனிக்கு,

நானும் அம்மாவும் சுகத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நோர்வேக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் கதிர்காமக் கந்தனை வேண்டிக்கொள்கிறோம். உன் ஆய்வுகூடத்திலிருந்து நீ அனுப்பிய சவ்வுக் குழாய் உடையாமல் வந்தது. பிளாஸ்டிக்கும் கனிமத் தூளும் சேர்ந்த அந்தக் கலப்புச் சவ்வை, நீ எழுதியபடியே நம் சாணவாயுத் தாங்கித் தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு சிறு பம்போடு பொருத்தினேன். வாயுவின் அழுகல் நாற்றத்தை முதலில் இரும்புத் துருவலால் நீக்கினேன். காபனீரொட்சைட்டு என்ற கரியமில வாயு சவ்வை ஊடுருவிப் பிரிந்துபோக, மிஞ்சிய வாயு நல்ல நீலமாக எரிந்தது. அம்மா, ‘உங்கட படிப்பு இப்பதான் குசினி வரைக்கும் வந்திருக்கு’ என்றா. பிரிந்த வாயு வீட்டுக்குள் தங்கக் கூடாதென்று அதன் குழாயைப் பின்வேலிக்கு அப்பால் மழைநீர்க் கானில் விட்டேன். அங்கேதான் பிழை நடந்தது.

அந்தக் கான் கீழே தோட்டத் தொழிலாளர் லயத்தில் முனியென்று கும்பிடும் முனிக்கல்லுக்குப் போகிறது. காற்றில் விளக்கு அணையாதிருக்க அந்தக் கல்லை ஆழமான பள்ளத்துக்குள் வைத்திருக்கிறார்கள். படியிறங்கித்தான் கும்பிட வேண்டும். பால் கொண்டுவரும் வேலாயி மூன்று வாரத்துக்கு முன் முகம் வெளிறி வந்தாள். ‘மாஸ்டர், வெளக்கு நிக்க மாட்டேங்குது. காத்தே இல்ல, யாரோ வாய வச்சு ஊதுற மாதிரி அணையுது’ என்றாள். முப்பது நாளான குழந்தையை முனியின் காலடியில் கிடத்தி எடுப்பது அவர்கள் வழக்கம். அவளுடைய பேரனை இம்முறை விளக்கு நின்று எரியும்வரை தூக்கக் கூடாதென்று பூசாரி ரெங்கசாமி குறி சொல்லியிருக்கிறார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை, திரி ஈரமாயிருக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த வெள்ளி மாலை தப்பு மேளச் சத்தம் கேட்டுப் பின்வேலிக்குப் போனேன். மூடுபனி கான் வழியே தண்ணீர்போலக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. காற்றைவிடக் கனமான என் குழாய் வாயுவும் அப்படித்தானே பள்ளத்தில் போய்த் தேங்கும்! அதே வாயுவை மெழுகுதிரிமேல் ஊற்றி அணைத்து எத்தனை வகுப்புக்குக் காட்டியிருப்பேன்! வாயுப் பம்பை நிறுத்திவிட்டு முனிக்கல்லுக்கு ஓடினேன். வேலாயியின் மருமகள் குழந்தையோடு முதற்படியில் நின்றாள். அடியில் இரண்டு தவளைகள் கும்பிட்டதுபோலச் செத்துக் கிடந்தன. ஒரு நாற்றமும் இல்லை. அதைத்தான் நானே நீக்கிவிட்டேனே. வேண்டாமென்று கையை நீட்டி மறித்தேன். ரெங்கசாமி, ‘என்னாங்க மாஸ்டர், முனிக்கும் பாடம் நடத்த வந்தீங்களா?’ என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மெழுகுதிரியைக் கம்பில் கட்டி இறக்கினேன். மேற்படியில் எரிந்தது. அடுத்த படியில் சுடர் திரியை விட்டு மேலெழுந்து துடித்தது. அதற்குக் கீழே சுடரே இல்லை. சிரிப்பு நின்றது. அந்தப் பெண் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு ஓடினாள்.

குழாயைக் கூரைக்கு மேலே உயர்த்திவிட்டேன். முனிக்கல் விளக்கு இப்போது எரிகிறது. காரணத்தைப் பொறுமையாக விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு வேலாயி, ‘அப்ப முனி உங்க கொழாய்க்குள்ளதாங்க இருக்கு’ என்றாள். அன்று முதல் யாரோ நம் பின்வேலியில் மாலையில் ஒரு விளக்கு ஏற்றிவிட்டுப் போகிறார்கள். அம்மா எடுத்தெறியச் சொல்கிறா. நான் எறியவில்லை. அது எரிகிறதா என்று பார்த்துவிட்டே கதவைச் சாத்துகிறேன். நேற்று அணைந்திருந்தது. காற்றில்லை, எண்ணெய் இருந்தது, பம்பும் ஓடவில்லை. தாங்கியில் கசிவாக இருக்கலாம், சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்று காலை சவ்வைக் கழற்றிவிட்டோம், அம்மா விறகு மூட்டுகிறா.

வேளைக்குச் சாப்பிடு, ஆய்வுகூடத்தில் தனியே நிற்காதே. பிரித்தெடுத்த வாயு எங்கே போகிறதென்று அந்தக் குழாயோடு கடைசிவரை ஒருமுறை நடந்து பார். நீ நீண்ட ஆயுளோடு நலமாயிருக்க எங்கள் ஆசிகள்.

உன் அன்பு அப்பா,
க. கனகசபை