ரிக்கி பிளேஸின் ஜாக்கெட்

அன்புள்ள வில்ஃபுக்கு,

முட்டிவலி குறைந்ததா? நேற்று கிளாஸ்கோவில் மேடைக்குப் பின்னால் இருந்தவர்கள்: ரிக்கி பிளேஸ் என்ற பெயரில் பாடும் நம் பேரன் கிளைவ், மேனேஜர் ஹார்கிரீவ்ஸ், டிரம்ஸ் அடிக்கும் நோயல், உடை தைக்கும் நான்.

பயப்படாதே, கிளைவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, அவ்வளவுதான்.

“ஜாக்கெட்டைக் கழட்டு தம்பி,” என்றார் மேனேஜர். “ரிக்கிங்கிற பேரு நான் வெச்சது. தொண்டை போனது உனக்குத்தான், ரிக்கிக்கு இல்ல. இனிமே நோயல்தான் ரிக்கி.”

நோயல் உடனே அதை வாங்கி மாட்டிக்கொண்டான். “பாட்டி, கக்கத்துல புடிக்குது, கொஞ்சம் தளர்த்தி விடுங்க.”

ஊசி கையில் இருந்தும் அவனைக் குத்தாமல் தளர்த்தினேன். மேடை ஏறியதும் பெண்கள் அவனைப் பார்த்து “ரிக்கி” என்று அலறினார்கள். கிளைவ் பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் அடித்தான்.

கம்பளிக் காலுறை அனுப்பு, இங்கே குளிர். பஸ் கிளம்புகிறது. ஹார்கிரீவ்ஸ் வியாபாரி, அவரை மறந்துவிடுவேன். மன்னிக்கவே மாட்டேன், ஞாயிறுதோறும் நம் மேசையில் சாப்பிட்ட நோயலை.